குழந்தைகளின் மிகை எடை: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கிராம சுகாதாரப் பணிக்கு ஒரு புதிய கடமை

குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் உறவினர் வினவும் முதல் வினா, ஆணா, பெண்ணா என்பது. அடுத்த வினா, எடை எவ்வளவு என்பது. எடை மிகுந்த குழந்தையே நலமுள்ள குழந்தை என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. சித்தூர் வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோர் குழந்தை ‘பொத்துகா’ இருக்கின்றது என்பர். தமிழ் பேசுவோர் ‘கொழுகொழு’வென்று இருக்கின்றது என்பர். மொழி இரண்டாயினும் கருத்து ஒன்றே. அத்தகைய குழந்தையின் கன்னத்தில் கண்ணேறு படாதிருக்கக் கரும்பொட்டு இடுதலும் இரு மொழியினர்க்கும் பொதுவான வழக்கமாகும்.

இவ்வெண்ணத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. அதற்குத் தக்க காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை இவ்வட்டாரமும் கண்டது. அதன் பின்னரும் மழை பொய்த்த ஆண்டுகள் பல. அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை 1915ஆம் ஆண்டிலிருந்து பணியாற்றி வந்தது. காசநோய்க்குத் தக்க மருந்து கண்டறியப்படாத அந்நாளில், நோயாளியின் எடை கூடுவதே அவர் தேறி வருவதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நம் நாட்டில் பி.ஸி.ஜி. தடுப்பூசி இடும் பணி 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதும் மதனப்பள்ளியிலேயே. பஞ்சமும் காசமும் மலேரியாவும் உலவிய நிலத்தில், உடலில் சிறிது கொழுப்பு இருத்தல் ஆபத்துக் காலத்திற்குச் சேர்த்து வைத்த செல்வமாகவே தோன்றியிருக்கும். நம் பாட்டிமார் கண்டதும் சொன்னதும் அவர்கள் காலத்திற்கு உண்மையே.

இன்று நிலைமை மாறியிருக்கின்றது. ஆனால் முற்றிலும் மாறிவிடவில்லை. அதுவே இப்பிரச்சினையைச் சிக்கலாக்குகின்றது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 31.2 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியவர்கள். அதே ஆய்வு, அதே மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 36.3 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனவும் கூறுகின்றது. குன்றிய குழந்தையும் பருத்த தாயும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகளும் இல்லாமலில்லை. பசியை ஒழிக்க நாம் எடுத்த முயற்சி இன்னும் முடிவுறவில்லை. அதற்குள் மற்றொரு வாயில் வழியே புதிய நோய் நுழைந்துவிட்டது.

புதிய நோயின் அளவென்ன? நாடு முழுவதற்கும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் மிகை எடையுடையவர் 2015-16இல் நூற்றுக்கு 2.1 ஆக இருந்து, அடுத்த ஆய்வில் 3.4 ஆயினர். இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். பள்ளி வயதினரை நோக்கினால் வேறு காட்சி புலப்படும். 2024ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, 5 முதல் 19 வயது வரையுள்ள இந்தியச் சிறுவர் சிறுமியருள் உடற்பருமன் உடையோர் 1990இல் ஏறத்தாழ 4 இலட்சம் என்றும், 2022இல் சுமார் 1 கோடியே 25 இலட்சம் என்றும் கணக்கிட்டது. உலக முழுவதையும் சேர்த்து நோக்குமிடத்து, இவ்வயதினரில் உடற்பருமன் உடையோர் விகிதம் எடை குறைந்தோர் விகிதத்தை முதன்முறையாக விஞ்சிவிட்டதாக 2025இல் யூனிசெஃப் நிறுவனம் அறிவித்தது. அவ்வறிக்கையில் விலக்காகச் சொல்லப்பட்ட இரு பகுதிகளுள் தெற்காசியா ஒன்று. நாம் இரு சுமைகளையும் ஒருசேரத் தூக்க வேண்டியவர்கள் என்பதே அதன் பொருள்.

மெலிந்த உடலினுள் மிகுந்த கொழுப்பு

இந்தியக் குழந்தையைப் பற்றிய ஓர் உண்மையை இங்குத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். பூனாவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் என்பாரும் அவருடைய குழுவினரும், பூனாவை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பூனாக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், ஆங்கிலக் குழந்தைகளுடையது 3.5 கிலோகிராம். நம் குழந்தைகளிடம் தசையும் வயிற்றுள்ளுறுப்புகளின் அளவும் மிகக் குறைந்திருந்தன. ஆனால் முதுகின் தோல்மடிப்பை அளந்தபோது, அங்குள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைந்திருக்கவில்லை. எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தை, கொழுப்பைக் காத்துக்கொண்டு தசையை இழந்து பிறக்கின்றது.

இதன் விளைவு பின்னாளில் என்னவாகும் என்பதற்கு டில்லியில் நிகழ்ந்த நெடுங்கால ஆராய்ச்சி விடை தருகின்றது. பிறந்தது முதல் ஆண்டுதோறும் அளக்கப்பெற்று வந்த 1,492 பேரை, அவர்கள் முப்பது வயதை ஒட்டியிருந்த காலத்தில் பரிசோதித்தனர். முடிவுகள் 2004இல் வெளியாயின. நீரிழிவு நோயோ அதன் முன்நிலையோ கண்டவர்கள், இரண்டு வயது வரை பொதுவாக மெலிந்திருந்தவர்கள். அதன் பின்னர் அவர்தம் எடை உயரத்தை மீறி விரைந்து ஏறியிருந்தது. வியப்பிற்குரிய செய்தி யாதெனில், அவர்களுள் ஒருவரேனும் பன்னிரண்டு வயதில் உடற்பருமன் உடையவராக இருக்கவில்லை. அதாவது, எந்த ஒரு நாளில் பார்த்தாலும் அக்குழந்தைகள் சாதாரணமாகவே தோன்றியிருப்பர். ஆண்டுக்காண்டு அளவைக் கோடு மேல்நோக்கி விலகிச் சென்றதே அபாய அறிகுறி. அதனைக் கண்ணால் காண முடியாது. அளந்து குறித்து வைத்தால்தான் காண முடியும்.

சாதாரண வளர்ச்சியில் குழந்தையின் கொழுப்பு முதலாண்டில் பெருகி, நடக்கவும் ஓடவும் தொடங்கியபின் குறைந்து, ஐந்து முதல் ஏழு வயதிற்குள் மீண்டும் ஏறத் தொடங்கும். நான்கு வயதுக் குழந்தை ‘இளைத்துவிட்டதே’ என்று தாய்மார் கவலையுறுவது பெரும்பாலும் இவ்வியற்கைத் தாழ்வைக் கண்டே. இளைப்பைப் போக்க எண்ணி ஊட்டப்படும் மாவும் சர்க்கரையும் கலந்த பானங்கள், மீளும் ஏற்றத்தை உரிய காலத்திற்கு முன்னரே தொடங்கி வைக்கக்கூடும். அது முந்துமாயின் பிற்காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் நேர்வதற்கு வாய்ப்பு மிகுதியாம்.

தராசு உண்டு, பார்வை எங்கே?

நம் அங்கன்வாடிகள் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டத்தின் வழி வந்தவை. அன்று தொட்டு அங்கே தராசு தொங்குகின்றது. குழந்தையின் எடை அட்டையிலுள்ள பச்சைப் பட்டையிலிருந்து கீழிறங்குகின்றதா என்று பார்ப்பதற்கே பணியாளர் பழக்கப்பட்டிருக்கின்றனர். மஞ்சளுக்கு இறங்கினால் எச்சரிக்கை. அதற்கும் கீழே போனால் உடனடிச் சிகிச்சை. பச்சையைக் கடந்து மேலே போனால்? தாய்க்குப் பாராட்டுக் கிடைக்கும்! வயதுக்கேற்ற எடை என்னும் அளவை ஒன்றைக்கொண்டு பருமனைக் கணித்தலும் இயலாது. உயரமான குழந்தைக்கு எடை மிகுந்திருப்பது இயல்பே. ஆதலின் எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசு பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டில் ஒருமுறையும் சென்று பரிசோதிக்கின்றனர். மிகச் சிறந்த ஏற்பாடு. எனினும் தொடக்கத்தில் அத்திட்டத்தில் குறிக்கப்பெற்ற 30 நலக்குறைவுகளின் பட்டியலில் கடும் மெலிவு இடம்பெற்றது, உடற்பருமன் இடம்பெறவில்லை. அன்றியும், தனியார் பள்ளிகள் இவ்வலைக்கு வெளியே நின்றுவிட்டன. சென்னையில் 51 பள்ளிகளில் பயின்ற 6 முதல் 17 வயதுக்குட்பட்ட 18,955 பேரை அளந்து 2014இல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சியொன்று, இளஞ்சிறாருள் மிகை எடையும் பருமனும் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21.4 ஆகவும், அரசு பள்ளிகளில் 3.6 ஆகவும் இருப்பதைக் காட்டியது. திருப்பதியும் சித்தூரும் சென்னையல்ல என்பது உண்மை. ஆயினும் தனியார் பள்ளிகளும் அவற்றின் மஞ்சள் வண்டிகளும் இவ்வூர்த் தெருக்களில் நிறைந்திருப்பதைக் காண்போர், நோய் மிகுந்த இடத்தில் அளவுகோல் இல்லை என்பதை எளிதில் உணர்வர்.

இதற்கு வழியுண்டு. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு 16 முதல் 24 மாதத்திற்குள் ஊக்க ஊசியும், 5 முதல் 6 வயதிற்குள் இரண்டாம் ஊக்க ஊசியும், 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியா ஊசியும் போடப்பெறுகின்றன. செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி யாவர்க்கும் உரியது இவ்வட்டவணை. கொழுப்பு மீண்டும் ஏறத் தொடங்கும் பருவமும் இரண்டாம் ஊக்க ஊசியின் பருவமும் ஒன்றாயிருப்பது நல்வாய்ப்பாகும். ஊசி போடும் துணைச் செவிலியரே அந்நாளில் உயரத்தையும் எடையையும் அளந்து தாய் சேய் அட்டையில் குறித்துவிட்டால், புதிய திட்டமோ புதிய கட்டடமோ வேண்டுவதில்லை. சுவரில் பொருத்திய உயர அளவுகோல் ஒன்றே கூடுதலாக வேண்டும்.

கணக்கு எளியது. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் கிடைக்கும். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் 115 சென்டிமீட்டர் உயரமும் 26 கிலோகிராம் எடையும் உடையவன் என்று கொள்வோம். அவன் குறியீட்டெண் 19.7. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அவ்வயதுச் சிறுவர்க்கு 16.8க்கு மேல் மிகை எடை, 18.5க்கு மேல் உடற்பருமன். எனவே அவன் பருமனுடையவன். இனி அவன் எடையைக் குறைக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. ஓராண்டு அவன் எடை 26 கிலோவிலேயே நிற்கட்டும். உயரம் வழக்கம்போல் 6 சென்டிமீட்டர் வளரட்டும். ஏழாம் வயதில் குறியீட்டெண் 17.8 ஆகிவிடும், அவ்வயதிற்குப் பருமனின் எல்லை 19. பருமன் என்ற நிலையிலிருந்து, ஒரு கிலோவும் இழக்காமல், அவன் வெளியேறிவிடுகின்றான். வளரும் குழந்தையிடத்தில் காலம் நம் பக்கம் நிற்கின்றது. பெரியவர்க்குக் கிட்டாத சலுகை இது. இதனை அறியாமல், பருமனான குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்திப் பட்டினி போடுதல் பெருந்தீங்கு. அதிலும் பெண்குழந்தைகளின் தட்டிலிருந்தே முதலில் உணவு குறைக்கப்படும் என்பதை நாம் மறக்கலாகாது.

இருபத்தாறு மணி நேரம்

மருத்துவமனை இதனைச் செய்ய இயலாதா என்று கேட்கலாம். திருப்பதியில் 1960ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. ரூயா அரசு மருத்துவமனை இருக்கின்றது. ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகம் இருக்கின்றது. நிபுணர்களுக்குக் குறைவில்லை. குறைவது நேரமே. அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழு பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆய்ந்து, குழந்தைகளின் மிகை எடைக்கு அறிவுரை பயன்தர வேண்டுமாயின் ஓராண்டிற்குள் குறைந்தது 26 மணி நேரமேனும் குழந்தையோடும் பெற்றோரோடும் செலவிடுதல் வேண்டும் எனக் கண்டது. கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் ஐந்து நிமிடம் கிடைத்தலே அரிது. வாரத்திற்கு அரைமணி நேரம் வீதம் ஓராண்டு பேசினால் 26 மணி நேரமாகும். அவ்வரைமணி நேரம் மரத்தடியிலும் அங்கன்வாடித் திண்ணையிலும் ஆஷா பணியாளரின் வீட்டுச் சந்திப்பிலும் கிட்டும். மருத்துவச் சாதனை என்று போற்றத்தக்க எதுவும் இதில் இல்லை. ஊரிலேயே வாழும் ஒருவர் மீண்டும் மீண்டும் வந்து பேசுதலே இதன் மருந்து.

எதைப் பற்றிப் பேசுவது? முதலில் குடிக்கும் பொருளைப் பற்றி. சித்தூர் மாவட்டம் தோதாபுரி மாங்கனிக்குப் பெயர்பெற்றது. தமிழர் கிளிமூக்கு மாங்காய் என்பது இதனையே. இதனைக் கூழாக்கும் ஆலைகள் இங்குப் பலவுள. அக்கூழின் ஒரு பகுதி புட்டிகளில் அடைத்த மாம்பானங்களாகி, அவற்றுள் சில சித்தூர்ப் பெட்டிக்கடைகளுக்கே திரும்பி வருகின்றன. அப்பானத்தில் பழத்தின் பங்கு சிறிதே. சேர்க்கப்பட்ட சர்க்கரையும் நீரும் பெரும்பகுதி. இனிப்புப் பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சர்க்கரை சுமார் 10 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். 250 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறுவன் இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிடுகின்றான். வயிறு நிறைந்த உணர்வும் அவனுக்கு உண்டாவதில்லை. அதே மாங்கனியை நறுக்கிக் கொடுத்தால் நார்ப்பொருளும் உண்டு. மென்று தின்னும் நேரமும் உண்டு. மாவட்டத்தின் விளைபொருளையே அதன் குழந்தைகள் கெட்ட வடிவில் உண்ண நேர்வது வருந்தத்தக்கது.

அடுத்தது பொட்டலத் தின்பண்டம். மாலையில் பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு ஐந்து ரூபாய்ப் பொட்டலம் கொடுத்து அமைதிப்படுத்துதல் கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு எளிது. அவளைக் குறை கூறுவதால் பயனில்லை. அதே விலையில் வறுத்த வேர்க்கடலையோ வேகவைத்த கடலையோ கொடுக்கலாம் என்பதை எடுத்துச் சொல்லலாம். இராயலசீமையின் பழைய உணவாகிய கேழ்வரகுச் சங்கட்டியை (தமிழர் களி என்பர்) மீண்டும் நினைவூட்டலாம். 1983இல் அன்றைய மாநில அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது எத்தனையோ குடும்பங்களின் பசியைத் தீர்த்தது. அதனை யாரும் மறுக்கார். அரிசி எளிதாய்க் கிடைத்தபின் கேழ்வரகு பல வீடுகளின் தட்டிலிருந்து விலகியதும் மெய்யே. 2023இல் ஆந்திரப் பள்ளிகளில் கேழ்வரகுக் கஞ்சி வழங்கத் தொடங்கியபோது பாட்டிமார் சிலரேனும் புன்னகைத்திருப்பர்.

திருப்பதி லட்டுவைப் பற்றி ஒரு சொல். நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் நிறைந்த அப்பிரசாதத்தின்மீது பழி சுமத்துவோர் உளர். ஆண்டில் சில நாள் பங்கிட்டுண்ணும் பிரசாதம் குழந்தையைப் பருக்கச் செய்வதில்லை. நாள்தோறும் உண்ணும் சிறு பொட்டலமே பருக்கச் செய்கின்றது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் ஏறத்தாழ 3,550 படிகளைக் குழந்தைகள் பெற்றோருக்கு முன்னே ஓடி ஏறுவதைக் காண்பவர்க்கு, உடலுழைப்பில் அவர்களுக்கு வெறுப்பு இல்லை என்பது விளங்கும். இடமும் நேரமும்தான் இல்லை. பள்ளி வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பள்ளி முடிந்து தனிவகுப்பு, தனிவகுப்பு முடிந்து கைப்பேசி என்று கழியும் நாளில் அந்த 60 நிமிடத்தை எங்கிருந்து பெறுவது என்பதையே பெற்றோரோடு அமர்ந்து கணக்கிட வேண்டும். உறக்கம் குறைந்தாலும் எடை கூடும் என்பதையும் அக்கணக்கில் சேர்த்தல் நன்று.

குடும்பத்தோடு நின்றுவிடாமல் ஊரே முயன்றால் பலன் மிகும் என்பதற்குப் பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள ஃப்ளோர்பே, லவாந்தி என்னும் இரு சிற்றூர்கள் சான்று. 1992இல் அங்குள்ள பள்ளிகளில் உணவுக் கல்வியாகத் தொடங்கிய பணி, பின்னர் ஊராட்சி, கடைக்காரர், மருத்துவர், விளையாட்டுச் சங்கம் யாவரையும் உட்படுத்தியது. 2004இல் அவ்வூர்க் குழந்தைகளில் மிகை எடையுடையோர் நூற்றுக்கு 8.8, ஒப்பிட்டுப் பார்த்த ஊர்களில் 17.8. நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என விதிக்கின்றன. ஐம்பது மீட்டரை அளந்து பார்க்கும் பொறுப்பைக் கிராம சுகாதாரக் குழு ஏற்றுக்கொண்டால் விதிக்கு உயிர் வரும்.

பணியாளர் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் காத்தல் வேண்டும். குழந்தையின் எடையை மற்றவர் கேட்க உரக்கச் சொல்லலாகாது. ‘குண்டு’ என்று வகுப்பில் பெயர் பெற்ற சிறுவன் விளையாட்டுக் களத்தை விட்டு ஒதுங்குகின்றான். ஒதுங்கியவன் மேலும் பருக்கின்றான். வீட்டில் ஒருவனுக்கு மட்டும் தனி உணவு என்பதும் தண்டனையாகவே தோன்றும். மாற்றம் குடும்பம் முழுவதற்கும் ஆகட்டும்.

மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியவர் சிலர் உளர். சாதாரணப் பருமனுள்ள குழந்தை தன் வயதினரைவிடச் சற்று உயரமாகவே இருக்கும். பருமனாயும் வயதுக்குக் குள்ளமாயும் உள்ள குழந்தைக்குத் தைராய்டு முதலிய சுரப்பிகளின் கோளாறு இருக்கக்கூடும்; அக்குழந்தையைத் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கருத்து, வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருப்பதை அழுக்கென்று எண்ணித் தாய்மார் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவர். அது அழுக்கன்று, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் வெளிக்குறி. உறக்கத்தில் பெருங்குறட்டை, நடையில் நொண்டுதல், அடிக்கடி தாகமும் சிறுநீர்க் கழிவும் ஆகியவையும் அவ்வாறே கவனிக்கத்தக்கவை. அனுப்பும் சீட்டில் இன்றைய எடையோடு முந்தைய ஆண்டுகளின் உயரத்தையும் எடையையும் அட்டையிலிருந்து எடுத்தெழுதினால், கோடு எந்த வயதில் விலகத் தொடங்கியது என்பதை மருத்துவர் முதல் நாளிலேயே கண்டுகொள்வார்.